குவாடலூப் தீவில் நம்மவர்

கரீபியன் கடலில் குவாடலூப் என்றொரு சிறிய பிரெஞ்சுத் தீவு உண்டு. அதன் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள் கப்பலேறினார்கள்.

அவர்கள் வழிவந்தோரிடம் ராமசாமி, வீரப்பன் முதலிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 'கொலம்போ' என்னும் மசாலாக் குழம்பைத் தீவு முழுவதும் விரும்பி உண்கிறார்கள். மாரியம்மனுக்குப் பூசையும் நடக்கிறது. ஆனால், பூசையில் பாடும் தமிழ்ப் பாட்டின் பொருள் பாடுகிறவருக்கே பெரும்பாலும் விளங்குவதில்லை. வீட்டிலே கிரியோல், பள்ளியிலே பிரெஞ்சு. தமிழ் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது.

ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்களே. இங்கே தமிழ் நிலைத்ததற்குத் தோட்டப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். பெற்றோர்களே, சமையலைப் பிள்ளைகள் பார்த்தே பழகுவார்கள். எழுத்தை நாம்தான் கற்பிக்க வேண்டும். அவர்களைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புங்கள்.