இறக்கும்போதும் எண்ணுங்கள்



நம் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் பலர் மாலையில் ஜிம்முக்குப் போகிறார்கள். ‘எத்தனை கிலோ தூக்கினாய்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ‘எப்படித் தூக்கினாய்?’ என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். தக்க மேற்பார்வையில், அளவான எடையோடு செய்தால் அந்த அச்சம் வேண்டாம். அளவு மீறிய எடையும் தவறான நிலையுமே ஆபத்து.

முதலில் நிலை. தரையிலிருந்து தூக்கும்போது முதுகு வளையக் கூடாது. இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, எடையை உடலை ஒட்டிப் பிடிக்க வேண்டும். எடை விலக விலகக் கீழ்முதுகில் சுமை கூடும். பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் திருப்புத்திறன் இதுதான்.

அடுத்து வேகம். இரண்டு எண்ணித் தூக்கி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். இறக்கும்போதும் தசை உழைக்கிறது. தொப்பென்று விட்டால் அந்தப் பயன் வீண். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

‘காமன்வெல்த்தில் தங்கம் வென்ற நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் வேகமாகத்தானே தூக்கினார்?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். அது பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் வரும் போட்டி நுட்பம் என்று விளக்குங்கள்.

கருவிகள் இல்லையே என்று தயங்க வேண்டாம். நான் மூங்கில் கம்பில்தான் தொடங்குகிறேன். கம்போடு பத்து முறை நிலை மாறாமல் செய்பவருக்கே அடுத்து எடை. எண்ணிக்கையை நானே உரக்கச் சொல்கிறேன். பிள்ளைகளின் அவசரம் தானே அடங்குகிறது. உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள்.