வீட்டு மூலையில் கிடக்கும் உளி
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



நம் தோட்டத்தில் பால்மரம் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. ஆனாலும் பல வீடுகளில், கதவுக்குப் பின்னால், துருப்பிடித்த பால்வெட்டு உளி ஒன்று கிடக்கும். "பழைய இரும்புதானே" என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உருவான கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பால்மரத்தின் தாயகம் அமேசான் காடு. அங்கே சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி கட்டை வரை இறங்கும். மரம் புண்ணாகிப் போகும். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் அங்கே தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், ஒரே வெட்டை மறுபடி மறுபடி மெல்லியதாகச் சீவினால் பால் கூடுதலாக வருவதைக் கண்டார். அதற்குப் பிறகு கொத்துகிற கருவி உதவவில்லை. சீவுகிற கருவி தேவைப்பட்டது.

அப்படி வந்ததுதான் உளி. தள்ளி வெட்ட ஒன்று. இழுத்து வெட்ட இன்னொன்று, அதற்கு ஜெபோங் என்று பெயர். ஜெபோங்கின் நுனி ஏன் மடங்கியிருக்கிறது தெரியுமா? பட்டையைச் சீவும்போதே பால் ஓட வாய்க்காலும் போட வேண்டும். சீவல் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் மரத்தில் முடிச்சு விழும். பிறகு அந்த இடத்தில் உளி ஓடாது. பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறும். அதனால் இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும்.

இதையெல்லாம் உங்கள் பாட்டி புத்தகத்தில் படிக்கவில்லை. விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், கையால் அறிந்து வைத்திருந்தார். பட்டறை செய்து கொடுத்தது பாதி உளிதான். மீதியைத் தீட்டுக்கல்லில் தீட்டித் தீட்டி அவரே செய்துகொண்டார்.

மாணவர்களே, வீட்டுக்குப் போனதும் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அந்த உளியைத் துடைத்துப் பாருங்கள். அலகில் முத்திரை உண்டா? எந்த நாட்டில் செய்தது? எந்தக் கடையில் வாங்கியது? யார் யார் கையில் இருந்தது? கேட்டு நோட்டில் எழுதுங்கள். முத்திரை தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, பிடித்தவர் சொல்வார். அவரும் போய்விட்டால் யாரிடம் கேட்பீர்கள்?

பெற்றோர்களே, "நாங்க வெறும் பால் வெட்டினவங்கதானே" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். ஒன்றரை மில்லிமீட்டரை இருட்டில் அளந்த கை அது. அந்தக் கையைப் பற்றித் தெரிந்துகொண்டு பிள்ளைகள் படிக்கட்டும், நன்றாகவே படிப்பார்கள்.