பார்த்துட்டு மார்க் போடுங்க



போன ஞாயிறு நம்ம இணைய அணி சந்திப்புல நான் பேசினதை எழுத்தா கேட்டிருந்தீங்க. அரசியல் பேசுவான்னு வந்தவங்களுக்கு அன்னைக்கே ஏமாற்றம், இங்கேயும் அதேதான். பேசினது சினிமாவைப் பத்தி.

சமீபத்துல நாலு படம் பார்த்தேன். நாலுமே 2024 ஆகஸ்ட், செப்டம்பர்ல வந்தது. ரெண்டு மறுபடி, ரெண்டு முதல் தடவை. ரிலீஸ் சூடு ஆறின பிறகு பார்க்கிறதுல ஒரு வசதி இருக்கு. யாரோட சண்டையும் மண்டையில ஓடாது.

முதல்ல 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்துவோட முதல் படம். கெத்துவா அட்டகத்தி தினேஷ், அன்புவா ஹரிஷ் கல்யாண். பொண்டாட்டிக்குத் தெரியாம கிரவுண்டுக்கு ஓடுற குடும்பஸ்தனை நம்ம ஊர்ல பார்க்காதவங்க யாரு? சிரிச்சுக்கிட்டே இருக்கும்போதே படம் ஒரு கேள்வியைக் கேட்குது. அன்பு நல்லா ஆடுவான்னு எல்லாருக்கும் தெரியும், அப்புறம் ஏன் அந்த டீம்ல மட்டும் அவனுக்கு இடம் இல்ல? அதுக்குப் பேரு சாதின்னு வசனமா நீட்டாம, பெஞ்சுல உட்கார வச்சே காட்டிட்டாங்க. கெத்து ஒரு விஜயகாந்த் ரசிகர். அந்தப் பாட்டு வரும்போது தியேட்டர்ல எழுந்த சத்தத்துல கட்சி வித்தியாசம் எதுவும் இல்ல. என் மார்க் 5க்கு 4.

'வாழை'. மாரி செல்வராஜ் தன் சின்ன வயசைத்தான் எடுத்திருக்கார். பள்ளிக்கூடம் போக ஆசைப்படுற பையனை லீவு நாள்ல வாழைத்தார் சுமக்க அனுப்புறாங்க. தாருக்கு ஒரு ரூபா கூட்டிக் கேட்டு நடக்கிற பேச்சுவார்த்தைதான் என்னை நிறுத்திடுச்சு. ஒரு ரூபா! நம்ம எத்தனை பேர் அதை எண்ணிப் பார்த்திருப்போம்? ரஜினி, கமல்னு ரெண்டு பசங்க அடிச்சுக்கிறதுல அவ்வளவு சிரிச்சுட்டு, கடைசி இருபது நிமிஷம் என்னால வாயே திறக்க முடியல. 4.5.

அதே நாள், 2024 ஆகஸ்ட் 23ல வந்தது 'கொட்டுக்காளி'. இதுக்குத்தான் வாங்கிக் கட்டிக்கப் போறேன்னு தெரியும். பி.எஸ்.வினோத்ராஜ் படம். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காத்து, கட்டி வச்ச சேவல், தொண்டை கட்டின சூரி. இத்தனை பேர் நடுவுல பேசாமலே உட்கார்ந்திருக்கிற அன்னா பென். பேய் ஓட்டக் கூட்டிட்டுப் போறாங்க, ஆனா பேய் பிடிச்சது யாருக்குன்னு கொஞ்ச நேரத்துல நமக்கே சந்தேகம் வந்துடும். வழியை மறிச்சு நிக்கிற மாட்டுக்கிட்ட அத்தனை ஆம்பளைங்களும் திணறுற காட்சிக்காகவே ஒரு தடவை பாருங்க. முடிவு பிடிக்கலைன்னா திட்டுங்க, அது உங்க உரிமை. எனக்கு 4.

'மெய்யழகன்' 3.5. கார்த்தி, அரவிந்த்சாமி ரெண்டு பேரும் ராத்திரி முழுக்கப் பேசுறது எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தாலும் சரிதான். ஆனா சில இடத்துல பேச்சு பாடமா மாறிடுது. ரிலீசுக்குப் பிறகு சுமார் 18 நிமிஷத்தை வெட்டினாங்க. வெட்டியிருக்க வேணாம்னு நினைக்கிறவன் நான். அப்போ எதுக்கு 3.5னு அன்னைக்கு ஒரு அக்கா கேட்டாங்க. பதில் இல்ல, சிரிச்சு சமாளிச்சேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

காலேஜ் மூணாவது வருஷம். ஹாஸ்டல்ல ஒரு ரசிகர் குரூப்ல இருந்தேன். ஒருநாள் ராத்திரி ஒரு லிங்க் வந்துச்சு. "எல்லாரும் 1 போடுங்க, ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க." எங்க ஹீரோ படத்தோட மோதி வந்த ஒரு புது டைரக்டர் படம். பேர் வேணாம். நான் பார்க்கவே இல்ல. மூணு மெயில் ஐடி வச்சிருந்தேன், மூணுலயும் 1 போட்டேன். "முதல் பாதியே தாங்கல"ன்னு ஒரு வரி வேற.

ஒரு வருஷம் கழிச்சு லீவுல வீட்டுல இருக்கும்போது டிவில அந்தப் படம் ஓடுச்சு. அப்பா சேனலை மாத்தல. அவர் லாரி ஷெட்ல வேலை பார்க்கிறவர், படம் பார்த்து அழுது நான் பார்த்ததே கிடையாது. துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "இந்தப் படம் ஏன்டா ஓடல?"ன்னு என்னைக் கேட்டார்.

அன்னைக்கு ராத்திரியே அழிக்க உட்கார்ந்தேன். ஒரு ஐடிதான் திறந்துச்சு. மத்த ரெண்டுக்கும் பாஸ்வேர்டு ஞாபகம் இல்ல, அந்த சிம்மும் இல்ல. அந்த ரெண்டு 1 இன்னைக்கும் அங்கேதான் இருக்கு.

இன்ஜினியரிங் படிச்சதுக்கு ஒரு கணக்காவது சொல்லணும்ல. நூறு பேர்ல அம்பது பேர் 10, அம்பது பேர் 1 போட்டா சராசரி 5.5. நூறு பேரும் "சுமார்"னு சொல்லி, பாதிப் பேர் 5, பாதிப் பேர் 6 போட்டாலும் அதே 5.5. ரெண்டும் ஒரே படமா? அதனால நம்பரை மட்டும் பார்க்காதீங்க, யார் யார் எவ்வளவு போட்டாங்கன்னு கீழே பட்டை பட்டையா காட்டுவான், அதைத் திறந்து பாருங்க. ரெண்டு முனையும் கொழுத்து நடுவுல ஆளே இல்லைன்னா, பெரும்பாலும் அங்கே நடந்தது விமர்சனம் இல்ல, சண்டை.

இதுக்காக விமர்சனமே கூடாதுன்னு நான் சொல்லல. முதல் மூணு நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு 2024 டிசம்பர்ல தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க, இடைக்கால உத்தரவு கிடைக்கல. கிடைக்காதது நல்லதுன்னுதான் நினைக்கிறேன். டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன்னு காசு கொடுத்தவன் வெளியே வந்து "மொக்கை"ன்னு சொல்லட்டும், தாராளமா. பார்க்காதவன் சொல்றதுதான் பிரச்சனை.

அதைவிடப் பிரச்சனை நம்ம ஆளுங்க. ஹீரோ நமக்கு எதிரா ஒரு பேட்டி கொடுத்தார்னா டீசருக்கே 1. நமக்கு ஆதரவா ஒரு ட்வீட் போட்டா படு சுமாருக்கும் 10. அதுக்குன்னு ஹேஷ்டேக் வேற. அந்த வேலைக்கு இனி என்னைக் கூப்பிடாதீங்கன்னு சந்திப்புலயே சொல்லிட்டேன். ரெண்டு பேர் முறைச்சாங்க. பொறுப்பாளர் அண்ணன் டீயைக் குடிச்சுட்டு, "சரி தம்பி, கொட்டுக்காளிக்கு 4 எல்லாம் ஓவர்"னு மட்டும் சொன்னார்.

அவர் படத்தை இன்னும் பார்க்கல. இந்த சனிக்கிழமை ஆபீஸ்ல போடுறோம், வர்றேன்னு சொல்லியிருக்கார். நீங்களும் வாங்க.