கடைசியாக நிற்கும் பிள்ளை

இன்று பட்டம் வாங்கும் உடற்கல்வி ஆசிரியர்களே!

பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் அய்யா வளர்த்த ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், 1950களிலேயே உடற்கல்விக்கென்று தனிக் கல்லூரி கண்டது. நீங்கள் அந்த மண்ணின் வாரிசுகள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. உடற்கல்விப் பயிற்றுநரை அது கேட்பதோ 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத்தான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதிநேரமாக. 1 முதல் 5 வரை அப்படி ஒருவரைக் கேட்கவில்லை. தோற்றால் அழாமலும், கோபம் வந்தால் கை ஓங்காமலும் இருக்கப் பழகும் வயது அதுதானே? இது பெரிய குறை.

இந்தப் பக்குவத்தோடு சேர்ந்த உணர்வு நுண்ணறிவு பற்றி 1990இல் சாலவே, மேயர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் எழுதினார்கள். தன் மனதையும் அடுத்தவர் மனதையும் கண்டுகொண்டு அதற்கேற்ப நடப்பது என்று அதைச் சொல்லலாம். நம் தெருப்பிள்ளைகள் அதை விளையாட்டாகவே செய்துவந்தார்கள். ஓடிப்பிடித்து ஆடும்போது கூடவே வரும் குட்டித் தம்பியை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை. சொல் நல்ல சொல் அல்ல. வழக்கம் அருமையான வழக்கம். காய் விட்டவர்கள் மறுநாளே பழம் விட்டதும் அந்தத் தெருவில்தான்.

பள்ளி மைதானத்தில் நான் கண்டது வேறு. இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிப்பார்கள். கடைசியில் நான் ஒருவன் மட்டும் நிற்பேன். “நீயே வச்சுக்கோ” என்று என்னைத் தள்ளிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு அது. விளையாட்டுப் பீரியட் என்றாலே வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். ஒருநாள் புதிதாக வந்த பி.டி. சார், “வா கண்ணு, இன்னிக்கு நீ ஆள் பிரி” என்றார். எனக்கு அடுத்தபடியாக ஒதுக்கப்பட்டவனைத்தான் முதலில் கூப்பிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே, ஆள் பிரிக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடாதீர்கள், ஓட்டத்தையே வெறுத்துவிடுவார்கள். கணக்கு ஆசிரியர் உங்கள் பீரியடைக் கேட்டால், மரியாதையோடு மறுத்துவிடுங்கள். முதல் நாள் விசில் ஊதுமுன், சுவரோரம் தனியாக நிற்கும் பிள்ளையிடம் போய் அதன் பெயரைக் கேளுங்கள்.