முதுகு வலி வந்தால்



பெங்களூரில் ஒரு கட்டட வேலை. அங்கே ஒரு சித்தாள். வயது நாற்பது. மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். ஒரு நாள் குனிந்து கலவைச் சட்டியைத் தூக்கினார். இடுப்பில் சுருக்கென்று வலித்தது. பத்து நாளில் வலி காலுக்கும் இறங்கியது.

ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஊரில் இருந்தது அரை ஏக்கர் நிலம். அதை விற்றுவிடலாம் என்றார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க. இன்னொரு டாக்டரையும் கேட்டுப் பார்ப்போம்" என்றார் மனைவி. ஒரு தாளில் நான்கு கேள்விகளைத் தன் கையால் எழுதினார்:

1. எனக்கு என்ன நோய்?
2. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்?
3. வேறு வழி உண்டா?
4. செலவு எவ்வளவு? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கிப் படித்து, பொறுமையாகப் பதில் சொன்னார்.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மேல்முதுகில் 12, இடுப்பில் 5 என்று எலும்புகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் நடுவே மெத்தை போன்ற வட்டு இருக்கிறது. அதுதான் டிஸ்க். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி காலுக்கு இறங்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இந்த வலி குறைந்துவிடும்.

நெதர்லாந்து நாட்டில் இப்படி வலி இருந்த 283 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அது 2007-இல் வெளியானது. பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றவர்களுக்கு முதலில் மற்ற சிகிச்சை. தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி விரைவில் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள்.

ஆனால் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, சிறுநீரும் மலமும் தெரியாமல் போனாலோ, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப் போனாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கு மருந்து இலவசம்.

மற்றபடி, நாள்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள். முடிந்தவரை நடங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்காதீர்கள். வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். பாரத்தை முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

அந்தச் சித்தாள் டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்தார். இரண்டு மாதம் கூலி போயிற்று. கடன் ஐயாயிரம் ஏறிற்று. வலி முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இன்று வேலைக்குப் போகிறார். சட்டியில் பாதி அளவே சுமக்கிறார். நிலமும் விற்கப்படவில்லை.

ஆபரேஷன் தேவைப்படுவோரும் உண்டு. அவர்கள் அஞ்ச வேண்டாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுங்கள். அந்த நான்கு கேள்விகளை இன்றே உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.