மூச்சு சீக்கிரம் திரும்பும், மூட்டு மெதுவாகத்தான் திரும்பும்
(அறக்கட்டளையின் நலவாழ்வு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இன்று மூட்டு வலியைப் பற்றிப் பேசப்போகிறேன். வயதானவர்களுக்கு வரும் வலியைப் பற்றி அல்ல. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடியவர், பிறகு சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, ஷிஃப்ட், குடும்பம் என்று பத்து வருடம் ஓட்டத்தை விட்டுவிட்டு, இப்போது மறுபடி ஓடத் தொடங்கும்போது வருகிற வலியைப் பற்றி.

இப்படித் திரும்ப வருகிறவர்கள் நம் பகுதியில் இரண்டு வகை. சர்க்கரை எட்டிப்பார்க்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி ஓட வருபவர்கள் ஒரு வகை. காவலர் தேர்வுக்காக ஓடும் தம்பிகள் இன்னொரு வகை. ஆண்களுக்கான அந்தத் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு அவசர அவசரமாக மைதானத்துக்குப் போய், மூன்றாவது வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், வருடக்கணக்கில் படித்த படிப்பு வீணாகிவிடும். கூலி வேலை செய்பவருக்கோ கால் போனால் அன்றைய சம்பளமே போகும்.

ஏன் வலிக்கிறது? இதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே தேறிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரம் வலுப்பெறும். தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு ஆகியவற்றுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று நாம் தூரத்தைக் கூட்டுகிறோம். அந்தச் சுமையைத் தாங்க மூட்டு இன்னும் தயாராகவில்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ எடை உள்ளவருக்கு அது 140 முதல் 210 கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் அடிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ஓடினால் மூட்டு தேய்ந்துவிடுமா? பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உடல்நலத்துக்காக அளவாக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் இருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்து, அழுந்தி, விரியும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்குச் சத்து கிடைக்கிறது. ஆகவே அசையாமல் இருப்பதும் கெடுதல், அளவு மீறுவதும் கெடுதல்.

தமிழகத்தில் இதற்குப் பலரும் அறிந்த உதாரணம் உண்டு. 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், 2004-இல் நடந்த விபத்தில் முழங்காலில் பலத்த காயம் பட்டவர். பல ஆண்டுகள் கழித்து ஓடத் தொடங்கி, 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானை நூறு முறைக்கும் மேல் முடித்திருக்கிறார். அடிபட்ட எல்லோரும் அப்படி ஓடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரிடம் காட்டி, படிப்படியாகப் போனால் வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் படி இதுதான். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அரைமணி நேரம் வேக நடை மட்டும். மூன்றாவது வாரம் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. வலி இல்லை என்றால் வாரத்துக்கு ஒரு நிமிடம் ஓட்டத்தைக் கூட்டுங்கள். காவலர் தேர்வுத் தம்பிகள் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். ஓட்டம் இல்லாத நாட்களில் சுவரில் சாய்ந்து பாதி உட்காரும் பயிற்சியும், குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் செய்யுங்கள்.

ஃபஜ்ருக்குப் பிறகான நேரம் நல்லது. ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் ஓடாதீர்கள். லாரி போகும் ஜி.என்.டி. சாலை வேண்டாம், பள்ளி மைதானம் போதும். கம்பெனி சேஃப்டி ஷூவில் ஓடவே கூடாது. ரமலான் முழுக்க ஓடாதிருந்தவர்கள் பெருநாள் முடிந்ததும் பழைய தூரத்துக்குப் போகாமல், பாதியிலிருந்து தொடங்குங்கள்.

எந்த வலியோடு ஓடலாம்? பத்துக்கு மூன்று என்ற அளவுக்குள் இருந்து, மறுநாள் காலை போய்விட்டால் தொடரலாம். மறுநாள் காலை கூடியிருந்தால் முந்தைய வாரத்துக்குத் திரும்புங்கள். மூட்டு வீங்கினால், சிவந்து சூடானால், பூட்டிக்கொண்டால், கால் மடங்கி விழப்பார்த்தால், எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி நீடிக்கலாம். அது ஓட்டத்தால் வந்த வலி அல்ல. கால் பெருவிரலில் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் யூரிக் அமிலத்தைப் பரிசோதியுங்கள்.

மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் மிக ஆபத்தானது. வலி என்பது எச்சரிக்கை மணி. மணியை அடக்கினால் உள்ளே நடக்கும் சேதம் தெரியாமல் போகும். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு, மூட்டுப் பிரிவு இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்துங்கள்.

தாய்மார்களே, இது ஆண்களுக்கு மட்டும் சொன்னதல்ல. தொழுகையில் சுஜூது செய்ய முடியாமல் நாற்காலி தேடும் நிலை நம்மில் பலருக்கு வருகிறது. நீங்கள் ஓட வேண்டியதில்லை, வேக நடையே போதும். எடை அதிகமாகி முழங்கால் தேய்ந்தவர்களிடம் நடந்த ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைவதாகத் தெரியவந்தது.

உடல் நமக்குக் கிடைத்த அமானிதம். அதை முடக்கி வைக்கவும் வேண்டாம், ஒரே நாளில் விரட்டவும் வேண்டாம். நாளை காலை அரைமணி நேரம் நடந்து தொடங்குங்கள். வஸ்ஸலாம்.