நாற்காலி தூக்குவது யார்?

(கடல்தொழில், உப்பளத்தொழில், பனைத்தொழில் செய்வோர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்குவது பற்றி வேம்பாரில் இளைஞர்கள் கூட்டிய கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இங்கே கிளம்பும்போது எங்கம்மாவையும் கூப்பிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக உப்பளத்தில் வேலை செய்தவர். "நான் என்னத்துக்குட்டி அங்க? டீ கிளாஸ் கழுவவா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, நடந்ததை வைத்துக் கேட்டார். முன்பு ஒரு சங்கத்தில் அவர் உறுப்பினர். ஊர்வலம் என்றால் பெண்கள் முன்வரிசையில் நிற்க வேண்டும், போட்டோவுக்கு. சாப்பாட்டு நேரம் வந்தால் அதே பெண்கள் பந்தி பரிமாற வேண்டும். ஆறு வருஷத்தில் ஒரு தீர்மானத்தைப் பற்றிக்கூட அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. ஒரு நாள் போவதை நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டு ஆள் வரவில்லை. சந்தா பாக்கி எவ்வளவு என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சங்கத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அதையேதான் செய்தேன். ஆராய்ச்சி மாணவர் அமைப்பு ஒன்றில் சில வருஷம் பொறுப்பில் இருந்தேன். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடந்தபோது போராடினோம். நாங்கள் சீனியர்கள் மனு எழுதினோம், பத்திரிகைக்காரர்களிடம் பேசினோம். ராத்திரி போஸ்டர் ஒட்டியது விடுதியில் இருந்த முதல் வருஷத்துத் தம்பிகள். அவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அக்கா, மூணு ராத்திரி ஒட்டியிருக்கேன். மனுவுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு யாரும் காட்டலையே." பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவன் வரவில்லை. சாதி ஒழிப்பு பேசுகிற அமைப்பு அது.

ஆள் சேர்ப்பது எப்படி, வயசு வித்தியாசம் உள்ளவர்களை ஒன்றாக நடத்துவது எப்படி என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறை இல்லை" என்று பெரியவர்களும், "பெருசுங்க நாற்காலியை விட மாட்டாங்க" என்று இளைஞர்களும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டோம். என் கேள்வி வேறு. சங்கத்துக்குள் எந்த வேலை யாருக்கு என்பதை எது முடிவு செய்கிறது? சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். தொண்டு என்று நாம் சொல்லும் வேலைக்குள்ளும் அந்த அடுக்கு இருக்கிறது. மைக் பிடிப்பது, கணக்கு வைப்பது, கலெக்டரைப் பார்க்கப் போவது ஒரு வகை. நாற்காலி தூக்குவது, கூட்டிப் பெருக்குவது, ஆளுக்கு ஆள் தகவல் சொல்வது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு யாரைக் கூப்பிடுகிறோம் என்று பாருங்கள். வயதில் சின்னவர், பெண், கடைசித் தெருக்காரர். ஒருவரே இது மூன்றுமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தீண்டப்படாத தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது நமக்குத் தெரியும், டீ-சர்ட்டில்கூடப் போட்டுக்கொள்கிறோம். அதே பேச்சில் வேலைத்தள விவரங்களாக அவர் அடுக்கியவற்றை அவ்வளவாகப் படிப்பதில்லை. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. தீண்டப்படாதவர்களோடு வேலை செய்ய சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். ரயில்வேயில் போர்ட்டர் வேலை கிடைக்காது, ஏனென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலைக்கும் போர்ட்டரைத்தான் பயன்படுத்துவார். தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேர்ந்தவர் கடைசிவரை கேங்மேன். இதைச் சொன்னால் தொழிலாளர் ஒற்றுமையைக் குலைக்கிறார் என்றார்கள். பிளவை உண்டாக்கியது யார் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். வேம்பார் ஏழு கடற்துறைகளில் ஒன்று, முத்துக்குளித்துறை. இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்றைக்கு இருபது வயதில் குளித்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: குளிப்பவனைவிடக் கயிறு பிடிப்பவனைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மச்சானைப் பிடிக்கச் சொல்வார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விட மாட்டான் என்று. கேட்கச் சுவாரசியமான கதை. ஆனால் நம்பிக்கையைச் சொந்தத்துக்குள், அதாவது சாதிக்குள் மட்டும் தேடுகிற கதையும்கூட. நமது சங்கங்களும் அப்படித்தான் ஆள் சேர்க்கின்றன. செயலாளர் தன் சித்தப்பா மகனைச் சேர்க்கிறார், அவன் தன் கூட்டாளியைச் சேர்க்கிறான், எல்லோரும் ஒரே தெரு. வள்ளக்காரர் சங்கத்தில் ஐஸ் உடைக்கிறவர் இல்லை, கருவாடு காயவைக்கிற அக்கா இல்லை. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கிறது, அதைத் தாண்டி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

இதே மன்னார் வளைகுடாவில் வடக்கே பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். 1986இல் 21 தீவுகளைச் சுற்றி கடல்சார் தேசியப் பூங்கா வந்த பிறகு, பரம்பரையாகப் பாசி எடுத்த இடத்துக்கே அவர்கள் அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்து, அதைக் காட்டி அதிகாரிகளிடம் பேசினார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. அந்தத் தொழிலைச் சின்ன வயதிலேயே அம்மாவோடு கடலில் இறங்கித்தான் கற்றுக்கொள்கிறார்கள். எந்தப் பாசி எப்போது வளரும் என்பது மூத்தவர்களுக்குத்தான் தெரியும், அது தெரியாமல் அப்படி ஒரு விதியைப் போட்டிருக்க முடியாது. வெளியாள் யாரும் எழுதிக் கொடுத்திருந்தால் பத்து நாள்கூட நின்றிருக்காது.

சரி, பெரியவர்களோடு கருத்து மோதல் வந்தால்? வரும். 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்பேத்கர், 39 வயது. இன்னொருவர் நம்முடைய இரட்டைமலை சீனிவாசன், எழுபதை ஒட்டியவர். 'பறையன்' பத்திரிகையை சீனிவாசன் 1893இல் தொடங்கியபோது அம்பேத்கர் இரண்டு வயதுக் குழந்தை. அரசியல் பாதுகாப்புகள் கேட்டு இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு அறிக்கை கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, தனித்தொகுதி வேண்டாம், கூட்டுத்தொகுதியே போதும் என்று மூஞ்சேவோடு ஒப்பந்தம் போட்டவர் எம்.சி. ராஜா, வயதில் இவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தவர். ஆக, யார் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைப் பிறந்த வருஷம் சொல்லவில்லை. நாமோ வயதைப் பார்த்ததுமே ஆளை முடிவு செய்துவிடுகிறோம்.

நடைமுறைக்கு வருகிறேன். முதலில் நேரம். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலுக்குப் போகாது, அன்று சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். உப்பளத்துக்குப் போகும் பெண் விடியும் முன்பே எழுந்து சோறு பொங்கிவிட்டுப் போகிறவள். ஏழு மணிக்கு அவளால் எப்படி வர முடியும்? விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, அப்போது அவர்கள் கரையில். உப்பளத்தில் அதுதான் வேலை உச்சத்தில் இருக்கும் காலம். மழை பிடித்தால் உப்பளம் நிற்கும். பனையேறிக்குப் பதனீர் இறங்கும் மாதங்களில் மூச்சு விட நேரமில்லை. இந்த மூன்று பேரின் நாட்காட்டியையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தேதி போடுங்கள். வராதவருக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அதற்கப்புறம் இருக்கட்டும்.

அடுத்தது, "யாராவது உதவி செய்ய வாங்க" என்று வாட்ஸ்அப்பில் பொதுவாகப் போட்டால் வழக்கமான நாலு பேர்தான் வருவார்கள். ஆளைப் பார்த்து, வேலையைச் சொல்லி, எவ்வளவு நேரம் ஆகும் என்றும் சொல்லிக் கேளுங்கள். நலவாரியப் பதிவும் புதுப்பிப்பும் பாதிப்பேருக்கு நின்று கிடக்கிறது. பதிவு இல்லாவிட்டால் உப்பளக்காரருக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் கிடைக்காது. ஆன்லைனில் விண்ணப்பம் போட ஒரு தம்பிக்குத் தெரியும். ஆனால் இன்னார் இத்தனை வருஷம் இன்ன பாத்தியில் வேலை செய்தார் என்று சொல்ல எங்கம்மா வயசுக்காரர் வேண்டும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஒரு விண்ணப்பம் முழுதாகும். கயிறு பிடிப்பவரும் குளிப்பவரும் போல, ஆனால் இந்த முறை வேறு வேறு தெருவிலிருந்து.

பெரியவர்கள் கோபப்படக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பொறுப்புக்கு இரண்டு வருஷம், அதற்கு மேல் இல்லை. விட்டுப் போகிறவர் அடுத்தவருக்கு ஆறு மாதம் கூட இருந்து சொல்லித்தர வேண்டும். இளைஞர்களுக்கும் ஒன்று: ஒரு பெரியவர் மைக்கில் நீளமாகப் பேசினால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். அவருக்கு வேறு எங்கும் யாரும் காது கொடுப்பதில்லை, அதனால்தான் நீளமாகப் பேசுகிறார். குறித்துக்கொள்ளுங்கள், அதில் அரசு ஆவணம் எதிலும் இல்லாத விஷயம் இருக்கும். கணக்கு நோட்டைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். யார் வாசிப்பது என்பதை மாதாமாதம் மாற்றுங்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர் முறை வந்தால் காத்திருங்கள்.

கூட்டிப் பெருக்குவதற்கும் இதே முறைதான். தலைவர், செயலாளர், பொருளாளர் யாருக்கும் விலக்கு இல்லை. சின்ன விஷயம் என்று சிரிக்கிறீர்கள். எங்கம்மா ஆறு வருஷம் இருந்த சங்கத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, செயலாளர் துடைப்பத்தைக் கையில் எடுத்திருந்தால் அவர் இன்று இங்கே வந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஏழு மணிக்கு இல்லை, விண்ணப்பம் போடும் வேலையைத் தொடங்கலாம். அந்தத் தாளில் ஒன்பது வேலை எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர் வேண்டும், ஒருவர் முப்பதுக்குக் கீழே, ஒருவர் ஐம்பதுக்கு மேலே, ஒரே தெருக்காரர்களாக இருக்கக் கூடாது. நாற்காலி போடுவதற்கு என் பெயரை எழுதிவிட்டேன், முப்பதைத் தாண்டியவளுக்குக் கொஞ்சம் சலுகை கொடுங்கள். கூட இன்னொரு பெயர் வேண்டும். யார் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.